காலி கேட்ச் வேண்டவே வேண்டாம்

கேள்வி: ஜாவாவில் கம்பைலர் பிழை காட்டாமல் இருக்க, பிழையைப் பிடிக்கும் கேட்ச் (catch) பிளாக்கைக் காலியாக விட்டுவிடுகிறேன். புரோகிராம் ஓடத்தானே செய்கிறது, இதில் என்ன தப்பு?

பதில்: ஓடுகிறது, சரி. எந்த நிலையில் ஓடுகிறது? கோப்பைப் படிக்கும்போது ஒரு எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை, ஐஓஎக்ஸெப்ஷன் (IOException) வந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். காலி கேட்ச் அதை விழுங்கிவிடும். தரவு வராமலே அடுத்த வரிக்குப் போகும். எங்கோ தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் (NullPointerException, எதுவுமே இல்லாத ஒன்றைப் பயன்படுத்தப் போனால் வரும் பிழை) வெடிக்கும். நீங்கள் அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். பிழை தேடும் வேலையில் எனக்கு ரொம்பவும் எரிச்சல் தருவது இதுதான்.

அந்த இடத்திலேயே சரிசெய்ய முடிந்தால் மட்டும் பிடியுங்கள். முடியாதா, த்ரோஸ் (throws) போட்டு மேலே, அதாவது அழைத்த மெத்தடுக்கு, அனுப்புங்கள். வேறு எக்ஸெப்ஷனாக மாற்றி வீசுவதென்றால், மூல எக்ஸெப்ஷனையும் புதியதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுங்கள். கெட்மெசேஜ் (getMessage) தரும் செய்தியை மட்டும் எடுத்து ஒட்டினால் மூல ஸ்டாக் டிரேஸ், அதாவது பிழை எந்தெந்த வரி வழியே வந்தது என்ற பட்டியல், போய்விடும். முழுசாகக் கொடுத்தால், புரோகிராமின் பதிவான லாக்கில் 'காஸ்டு பை' (Caused by) என்பதற்குக் கீழே, எந்த வரியில் தொடங்கியது என்பது வரை தெரியும். செய்தியில் கோப்பின் பெயரையும் சேருங்கள். "பிழை ஏற்பட்டது" என்று மட்டும் எழுதி யாருக்கு என்ன பயன்?

அப்புறம், கோப்பை மூடுவதற்கென்று ஃபைனலி (finally, பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் பிளாக்) எழுத வேண்டாம். 2011-இல் வந்த ஜாவா 7 முதல், கேட்சுக்கு முன்னால் வரும் ட்ரைக்குப் (try) பக்கத்து அடைப்புக்குறிக்குள்ளேயே கோப்பைத் திறக்கலாம், தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது இன்னொரு எக்ஸெப்ஷன் வந்தாலும் முதலில் வந்தது தொலையாது. இரண்டாவதை முதல் எக்ஸெப்ஷனின் கெட்சப்ரஸ்டு (getSuppressed) மூலம் பார்க்கலாம். ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வந்துகொண்டிருந்த எக்ஸெப்ஷனை அது அப்படியே அழித்துவிடும்.