வாசலை அடைக்கும் வண்டிகள்: பள்ளிப் பேருந்து நிற்கும் தெருவில் யாருக்கு என்ன உரிமை?

கேள்வி: இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. கடந்த கல்வியாண்டிலிருந்து ஒரு தனியார் பள்ளியின் பேருந்து எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் தெருவின் இருபுறமும், எங்கள் கேட்டின் குறுக்கேயும் நிறுத்துகிறார்கள். பேருந்து தாமதமானால் அது வரும்வரை யாரும் நகர்வதில்லை. டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்லும் என் மாமனாரைக் குறித்த நேரத்தில் அழைத்துச் செல்ல முடியாமல் தவிக்கிறோம். கேட்டால், "ரோடு என்ன உங்கள் சொந்த இடமா?" என்கிறார்கள். 'நோ பார்க்கிங்' பலகை மாட்டியும் பயனில்லை. கேட்டுக்கு முன்னால் சங்கிலி கட்டலாமா? புகாரை யார் மீது கொடுப்பது? டயர் காற்றைப் பிடுங்கிவிட்டால் தானாக வழிக்கு வருவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சரியா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: "ரோடு என்ன உங்கள் சொந்த இடமா?" என்று உங்களிடம் கேட்டவர் சொன்னதில் பாதி சரி. கேட்டுக்கு முன்னால் உள்ள தெரு பொதுச் சாலைதான்; அதில் ஓர் அடிகூட உங்களுக்கு உரியதல்ல. ஆனால் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத் தன் நிலத்திலிருந்து அந்தச் சாலைக்குத் தடையின்றிப் போய்வரும் உரிமை உண்டு. இது சாலையைப் பயன்படுத்தப் பொதுமக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமையிலிருந்து வேறுபட்ட தனி உரிமை என்பதை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்திருக்கின்றன. எனவே நீங்கள் எழுதும் எந்த மனுவிலும் "என் வீட்டு முன்னால் வண்டி நிறுத்துகிறார்கள்" என்று எழுதாதீர்கள். "என் வீட்டிலிருந்து வெளியே வர முடியாமல் வழியை அடைக்கிறார்கள்" என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தைப் படிக்கும் அதிகாரி அக்கம்பக்கத்துச் சண்டை என்று மனுவை ஓரமாக வைத்துவிடுவார். இரண்டாவதை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பொது இடத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, தேவையற்ற சிரமமோ ஏற்படும் வகையில் அல்லது ஏற்படக்கூடிய வகையில் வாகனத்தை நிற்கவிடக் கூடாது என்கிறது. எத்தனை நிமிடம் நின்றால் குற்றம் என்ற கணக்கு அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே "இரண்டு நிமிடம்தானே" என்பது மனிதத்தன்மையோடு கேட்கும் சலுகையாக இருக்கலாம், சட்டத்தில் அது எதிர்வாதம் ஆகாது. 127ஆம் பிரிவில் பத்து மணி நேரம் என்று ஒரு கணக்கு வருவது உண்மைதான். அது கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளுக்கானது. நிறுத்தம் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ அந்த எல்லைக்குட்பட்ட சீருடைக் காவல் அதிகாரி உத்தரவிடுவதற்குப் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. இழுவைச் செலவும் வண்டியின் உரிமையாளர் தலையில்தான் விழும்.

வண்டியை எங்கெங்கே நிறுத்தக் கூடாது என்பதை 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் விரிவாகச் சொல்கின்றன. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், தெருச் சந்திப்பின் அருகாமை, ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாம் வரிசை, பிறர் வளாகத்தின் நுழைவாயில் ஆகியவை அந்தத் தடைக்குள் வருகின்றன. உங்கள் வீடு தெருமுனையில் இருப்பதால் இரண்டு வகையில் இந்த விதி உங்களுக்குத் துணை நிற்கிறது. பேருந்து நிறுத்தத்தின் அருகே நிறுத்தக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால் அதை நம்பி மனுப்போட வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பதால் மட்டும் அந்த இடம் அறிவிக்கப்பட்ட பேருந்து நிறுத்தம் ஆகிவிடாது. அதைப் பிடித்துக்கொண்டால், அது நிறுத்தமா இல்லையா என்ற விவாதத்திலேயே நாள்கள் ஓடிவிடும். கூடவே, "நிறுத்தம்தான்" என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டது போலவும் ஆகும். நாளை அதை இடம் மாற்றக் கேட்கும்போது அந்த வரியை உங்களுக்கு எதிராகவே எடுத்துக் காட்டுவார்கள்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு பிரிவையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை அணைக்காமல், சைடு ஸ்டாண்டில் சாய்த்த ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் சின்னக் குழந்தையை நிற்கவைத்துவிட்டு, பெரிய பிள்ளையைப் பேருந்துப் படி வரை கொண்டுபோய் விடுபவர்களை இத்தகைய தெருக்களில் தினமும் பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாதபோது எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது 126ஆம் பிரிவு. அந்தக் குழந்தையின் கை ஆக்சிலரேட்டர் பிடியில்தான் இருக்கும் என்பதால், இதை வெறும் அபராத விஷயமாக நான் பார்ப்பதில்லை.

அபராதத்தைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரையிலும் விதிக்கலாம். போக்குவரத்தைத் தடுக்கும்படி வண்டியை நிறுத்துவதற்கு 201ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை தண்டம் உண்டு. காரில் வந்து இறங்குபவரை இந்தத் தொகை ஒரு வாரம் யோசிக்கவைக்கும், அவ்வளவுதான். இழுவை வண்டி வந்து சேருவதற்குள் பேருந்து புறப்பட்டு, தெருவும் காலியாகியிருக்கும். ஆகவே தனித்தனி வண்டிகளைத் துரத்துவதைவிட, கூட்டம் அங்கே சேரக் காரணமான நிறுத்தத்தையே நகர்த்த முயல்வதுதான் உங்களுக்குப் பலன் தரும்.

சங்கிலி கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மதில் கோட்டுக்கு உள்ளே என்றால் தாராளமாகக் கட்டலாம். அதைத் தாண்டித் தெருவில் சங்கிலி, கல், பூந்தொட்டி, சிமெண்ட் நிரப்பிய டின் என்று எதை வைத்தாலும் பொதுவழியைத் தடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது; அது வண்டி நிறுத்துபவருக்கும் பொருந்தும், தொட்டி வைப்பவருக்கும் பொருந்தும். நீங்களாக மாட்டிய 'நோ பார்க்கிங்' பலகைக்குச் சட்ட வலு கிடையாது என்றாலும் அது ஒரு வேண்டுகோளாக இருந்துவிட்டுப் போகட்டும். வாயிலை அடைக்கக் கூடாது என்ற விதி, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். காற்றைப் பிடுங்குவதும் கதவில் கீறுவதும் அதே சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி சொத்துக்கு ஊறு விளைவிக்கும் குற்றமாகப் பதிவாகலாம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. வாசலை அடைத்தவர் 500 ரூபாய் கட்டிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கேமராவே உங்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிடக்கூடும்.

இனி, யார் மீது புகார் கொடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். வண்டியை நிறுத்துபவர் ஒவ்வொருவரும் அவரவர் செயலுக்குப் பொறுப்பு. பேருந்து ஓட்டுநரும் 122ஆம் பிரிவுக்கு விலக்கானவர் அல்லர். பிள்ளைகள் ஏறிய பிறகும் வராத ஒருவருக்காகத் தெருமுனையில் பேருந்தை நிறுத்திவைத்தால் அவரும் தடை செய்பவரே. ஆனால் எந்த இடத்தில் நிற்பது என்று தீர்மானிப்பது பள்ளியின் போக்குவரத்துப் பிரிவு. தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2012ஆம் ஆண்டில் சிறப்பு விதிகள் வந்தன. பிள்ளைகள் பத்திரமாக ஏறி இறங்க உதவுவதற்குப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கார்களுக்கு இடையே பிள்ளைகள் புகுந்து ஓடிவந்து ஏறவேண்டிய இடத்தைப் பள்ளி தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதே உங்கள் கடிதத்தின் மையமாக இருக்கட்டும். வாசல் அடைபடுவது உங்கள் ஒரு வீட்டின் சங்கடம், பிள்ளைகளின் பாதுகாப்போ அந்தப் பெற்றோருக்கும் சேர்த்தே உள்ள கவலை. நிறுத்தத்தை நகர்த்தக் கேட்கும்போது, எங்கே நகர்த்துவது என்பதையும் நீங்களே சொல்லுங்கள்: மதில் மட்டும் உள்ள நீண்ட பக்கம், பூங்காவின் ஓரம், சந்திப்பிலிருந்து தள்ளிய அகலமான பகுதி என ஓர் இடம் அருகிலேயே இருக்கும். மாற்று இடம் குறிப்பிடாத கோரிக்கைக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. கடிதத்தை முதல்வருக்கும் தாளாளருக்கும் ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். தெருவில் இன்னும் நான்கைந்து வீட்டார் கையெழுத்திட்டால் நல்லது.

அதே கடிதத்தின் நகலை இணைத்து, எல்லைக்குட்பட்ட போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் மனுக் கொடுத்து, சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாகனங்கள் நிற்பதற்கான இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்துத் தீர்மானிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு அரசுக்கும் அதனால் அதிகாரமளிக்கப்பட்ட அமைப்புக்கும் வழிசெய்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, உங்கள் வாயில் அமைந்த பக்கத்தில் காலை, மாலை குறித்த நேரங்களில் நிறுத்தத் தடை அறிவித்து அதிகாரபூர்வப் பலகை வைக்குமாறு கேளுங்கள். அந்தப் பலகை வந்துவிட்டால் 127ஆம் பிரிவின் இழுவை அதிகாரம் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தும். நடவடிக்கை எதுவும் தெரியவில்லையென்றால், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பல சமயம் பதிலுக்குப் பதிலாக நடவடிக்கையே வந்துவிடுவதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மனுவோடு இணைக்கும் படங்களை எப்படி எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். உங்கள் கேட், அதை அடைத்து நிற்கும் வண்டி, அதன் பதிவெண் மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். பதிவெண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் வண்டி எங்கே நின்றது என்பதைச் சொல்லாது. பிள்ளைகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு யாரையும் திட்டவும் வேண்டாம். வழக்கு என்று போனால் மின்னணுப் பதிவுக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். எனவே எடுத்த போனிலேயே மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். மாமனாரின் சிகிச்சை நேரம் குறித்த மருத்துவமனைச் சீட்டையும், அவர் தாமதமாகப் போய்ச் சேர்ந்த நாள்களின் விவரத்தையும் இணைத்தால் மனு கனம் பெறும்.

இவற்றுக்கும் அசையாவிட்டால் இரண்டு வழிகள் உள்ளன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ், பொதுவழியில் உள்ள தடையை அகற்ற வருவாய்க் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். ஆனால் தெருவில் போகும் எல்லோருக்கும் தடை என்பதைக் காட்ட வேண்டும், உங்கள் வாசலை மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. உங்கள் தனி உரிமைக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, இனி வழியை அடைக்கக் கூடாது என்று தடுக்கும் நிரந்தர உறுத்துக் கட்டளை கோரலாம். தினமும் மாறிவரும் பெற்றோர் அனைவரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க முடியாது என்பதால் பள்ளி நிர்வாகத்தையும், விடாமல் அடைக்கும் ஓரிருவரையும் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு முன் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பல தகராறுகள் அந்த அறிவிப்போடு முடிந்துவிடுகின்றன.

பள்ளிக்கான கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிற்கும் வண்டியும் 'பயன்பாட்டில்' இருப்பதாகவே கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் விளக்கமளித்திருக்கிறது. எனவே வழியை மறைத்து நின்ற காரினால் ஒரு பிள்ளைக்கு விபத்து நேர்ந்தால், அந்தக் காரின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பதில் சொல்ல நேரிடலாம். இதைப் பெற்றோருக்கான சுற்றறிக்கையில் சேர்க்குமாறு கேளுங்கள். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டுப் பிள்ளையோடு நடந்து வரும்படியும், பேருந்துக்கு வெகுநேரம் முன்பே வந்து இடம் பிடிக்காதபடியும் அதிலேயே அறிவுறுத்தலாம். பேருந்துகளின் தடமும் நிறுத்தங்களும் அடுத்த கல்வியாண்டுக்குப் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் முடிவாகும் என்பதால், உங்கள் கடிதம் அதற்கு முன்பே பள்ளியின் கையில் இருக்க வேண்டும்.