விலங்குக் கொழுப்பு எந்தத் தலைப்பில் வரும்? சுங்க வகைப்பாடு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: மெழுகுவத்தித் தயாரிப்புக்காக மாட்டுக் கொழுப்பை வெள்ளைச் செதில்களாக இறக்குமதி செய்கிறோம். அனுப்புநர் தம் விலைப்பட்டியலில் ‘சுத்திகரித்த டாலோ, 1502’ என்று எழுதியிருக்கிறார் (டாலோ என்பது உருக்கிய மாட்டு, ஆட்டுக் கொழுப்பு; 1502 என்பது சுங்கத் தலைப்பின் எண்). உடன் வந்த ஆய்வகச் சான்றில் அயோடின் மதிப்பு 1, உருகுநிலை 59 டிகிரி செல்சியஸ், அமில மதிப்பு 3 என்று உள்ளது. ‘எத்தனை முறை சுத்திகரித்தாலும் மாட்டுக் கொழுப்பு மாட்டுக் கொழுப்புதானே’ என்கிறார் எங்கள் சுங்க முகவர். சுங்க அதிகாரியோ 1516 என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அதிகாரி சொல்வதே சரி. ஆனால் முகவரின் வாதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. பல நாட்டுச் சுங்கத் துறைகளும் பின்பற்றும் சரக்கு வகைப்பாடான ஒத்திசைவு முறையின் (HS) 15-ஆம் அத்தியாயத்தில் விலங்குக் கொழுப்புகள் இரண்டு விதமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 1501 முதல் 1506 வரையிலான தலைப்புகள் ‘எந்த விலங்கிலிருந்து வந்தது’ என்பதையே முதலில் பார்க்கின்றன: பன்றியும் கோழியினங்களும் 1501, மாடும் ஆடும் 1502, மீனும் கடல் பாலூட்டிகளும் 1504, கம்பளிக் கொழுப்பு 1505, ஏனையவை 1506. இதற்கு மாறாக 1516, 1517, 1518 ஆகிய மூன்றும் ‘அதற்கு என்ன செய்தார்கள்’ என்று கேட்கின்றன. உங்கள் முகவர் முதல் கேள்விக்கு விடை கண்டவுடன் நின்றுவிட்டார்.

அமிலம் நீக்குவது, நிறம் வெளுப்பது, வாடை போக்குவது ஆகிய சுத்திகரிப்பு வேலைகள் எதுவும் கொழுப்பு மூலக்கூறின் அமைப்பைத் தொடுவதில்லை. ஆகவே சுத்திகரித்த டாலோ 1502-லேயே இருக்கும். ஹைட்ரஜனேற்றம் அப்படிப்பட்டதன்று. நிக்கல் போன்ற ஊக்கியின் உதவியால் கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் சேர்க்கப்படுகிறது. அந்த இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு மீதமிருக்கின்றன என்பதைத்தான் அயோடின் மதிப்பு காட்டுகிறது. சாதாரண டாலோவுக்கு அது பெரும்பாலும் 40-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும். உங்கள் சரக்கில் அது 1. எந்தச் சுத்திகரிப்பும் இந்த எண்ணை இவ்வளவு கீழே கொண்டுவர முடியாது. 1504, 1506 தலைப்புகளில் உள்ளதுபோல் ‘வேதி மாற்றம் செய்யப்படாத’ என்ற சொற்கள் 1502-இன் வாசகத்தில் இல்லை என்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் ஹைட்ரஜனேற்றிய விலங்குக் கொழுப்பை 1516 பெயர் சொல்லியே குறிப்பிடுவதால் அந்த வாதம் நிற்காது. துணைத்தலைப்பு 1516.10.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இத்தகைய மாதிரிகளைக் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாதாரண டாலோவை விரலிடையே தேய்த்தால் உடற்சூட்டிலேயே இளகிப் பிசுக்காகப் படியும், முழுதும் ஹைட்ரஜனேற்றிய செதில் அப்படி இளகாமல் சடக்கென ஒடிந்து பொடியாகும். இதை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது. வணிகத்தில் கிடைக்கும் ஸ்டியரிக் அமிலச் செதிலும் அதே வெண்மை, அதே ஒடிவு கொண்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் அது கொழுப்பே அன்று. கொழுப்பைப் பிளந்து எடுத்த அமிலம். அதன் இடம் 3823.11, தூய்மை 90 விழுக்காடோ அதற்கு மேலோ ஆனால் 2915.70. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அமில மதிப்பு, அதாவது தனித்து நிற்கும் அமிலம் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண். ஸ்டியரிக் அமிலத்தில் அது 200-ஐ ஒட்டியிருக்கும். உங்கள் சான்றில் வெறும் 3. எனவே உங்கள் கையில் இருப்பது கிளிசரைடுதான், அதாவது பிளக்கப்படாத கொழுப்புதான் என்பதில் ஐயமில்லை. ‘ஸ்டியரின்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் படிவத்தை நிரப்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கும் இதுவே காரணம்: பன்றிக் கொழுப்பைப் பிழிந்தபின் எஞ்சும் திடப்பகுதியான லார்ட் ஸ்டியரின் 1503-இல் வரும், ஸ்டியரிக் அமிலத்தையே ஸ்டியரின் என்று விற்றால் அது 3823-க்குப் போகும், ஸ்டியரின் கசடோ அத்தியாயக் குறிப்பு 4-இன்படி 1522-இல் அடங்கும்.

கேள்வி: உருக்காமல் உறையவைத்த பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் ஒரே கொள்கலனில் வருகின்றன. இரண்டையும் 15-ஆம் அத்தியாயத்தில் காட்டலாமா?

பதில்: கூடாது. இறைச்சி ஒட்டாத, உருக்காத பன்றிக் கொழுப்பு 2-ஆம் அத்தியாயத்தில் 0209-க்கு உரியது; உருக்கிய பிறகே அது 1501-க்கு வரும். மாட்டுக் கொழுப்புக்கு இந்தப் பிரிவினை கிடையாது. உருக்கினாலும் உருக்காவிட்டாலும் 1502தான். உருக்கியது 1502.10, பச்சையாக இருப்பது 1502.90. பட்டியலில் இரண்டையும் தனித்தனி வரிகளாக, எடையுடன் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மீன் எண்ணெயைக் குளிரவைத்து, உறையும் பகுதியை வடிகட்டி நீக்கிய பிறகு வாங்குகிறோம். இது ‘வேதி மாற்றம்’ ஆகுமா? இதே எண்ணெயை மென்கூடுகளில் (விழுங்கும் ஜெலட்டின் கூடுகளில்) அடைத்துத் தருவித்தால் தலைப்பு மாறுமா?

பதில்: முதல் கேள்விக்கு, ஆகாது. குளிரவைத்து வடிப்பது, பிழிவது, கரைப்பான் கொண்டு பிரிப்பது ஆகியவை பகுதிபிரித்தல் எனப்படும். அவற்றால் வேதி அமைப்பு மாறுவதில்லை. 1504-இன் வாசகமே ‘அவற்றின் பகுதிகளும்’ என்று சேர்த்துச் சொல்கிறது. ஈரல் எண்ணெயாயின் 1504.10, உடல் எண்ணெயாயின் 1504.20. ஈரல் எண்ணெயின் வைட்டமின் அளவைக் கூட்டியிருந்தாலும் அது 1504-லேயே நிற்கும். மருந்தாகப் பொதியப்பட்டாலோ, சிகிச்சைப் பயன் கருதி வேறு பொருள் சேர்க்கப்பட்டாலோ 30-ஆம் அத்தியாயத்துக்குச் சென்றுவிடும். விற்பவர் ‘எத்தில் எஸ்டர் செறிவு’ என்று குறித்திருந்தால் உடனே நின்று கவனியுங்கள்: அதில் கிளிசராலுக்குப் பதிலாக எத்தனால் இணைந்திருக்கிறது, அதை 1504-இல் காட்ட முடியாது.

மென்கூடு விஷயம் கடினமானது. உணவுத் துணைப்பொருளாக ஜெலட்டின் கூட்டில் அடைத்த மீன் எண்ணெயை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் பிற உணவுத் தயாரிப்புகளுக்கான 2106 தலைப்பில் சேர்த்தது. எண்ணெயோடு சேர்த்து, அளவும் உட்கொள்ளும் முறையும் வரையறுக்கும் அந்தக் கூட்டையும் அது கணக்கில் கொண்டது. அத்தீர்ப்பு பிற நாடுகளைக் கட்டுப்படுத்தாது. உலக வணிக அமைப்பின் வணிக வசதி ஒப்பந்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது முதல், அதில் இணைந்த நாடுகள் முன்கூட்டிய தீர்ப்பு, அதாவது சரக்கு வருமுன்பே அதன் தலைப்பைச் சுங்கத் துறை எழுத்தில் முடிவுசெய்து தருவது, வழங்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். சரக்கு கப்பலேறும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள். இறங்கிய பிறகு வாதாடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: உண்ணத் தகாததாக்குவதற்காகச் சிறிதளவு பெட்ரோலிய எண்ணெய் கலந்த டாலோவை வாங்குகிறோம். உண்ண முடியாதது என்பதால், உண்ணத் தகாத கொழுப்புக் கலவைகளும் அடங்கும் 1518-இல் காட்டினோம், மறுத்துவிட்டார்கள்.

பதில்: மறுப்பு நியாயமானதே. அத்தியாயக் குறிப்பு 3 இதைத் தெளிவாகச் சொல்கிறது: தகாததாக்குவது மட்டும் நடந்திருந்தால், கலப்பதற்கு முன் அந்தக் கொழுப்புக்கு எது தலைப்போ அதுவே இப்போதும் தலைப்பு. இவ்வாறு சேர்க்கும் பொருள் வழக்கமாக 1 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. அது டாலோவை வேறு பொருளாக்கிவிடாது. ஆகவே 1502. ஆனால் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த ஒரு கலவையைத் தகாததாக்கியிருந்தால் அந்தக் குறிப்பு பொருந்தாது, 1518 சரியாகும். அதனால் தயாரிப்பாளரின் சான்றில் எந்த விலங்கின் கொழுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘விலங்குக் கொழுப்பு’ என்று மட்டும் இருந்தால், அதை எழுத்தில் தெளிவுபடுத்தி வாங்கிய பிறகே மேல்முறையீட்டைப் பற்றி யோசியுங்கள்.