அப்பா ஆபரேஷனுக்குப் படகை விக்கலாமா?

கேள்வி: மண்டபத்துல விசைப்படகு வச்சிருக்கோம். அப்பாவுக்கு 63 வயசு, எட்டு வருஷமா பார்க்கின்சன் (நடுக்குவாதம்). மதுரை டாக்டர் டிபிஎஸ் (மூளைக்குள்ள கம்பி வச்சு மின்சாரம் குடுக்குறது) ஆபரேஷன் பண்ணலாம்ங்கிறார், 12 லட்சம் ஆகுமாம். படகை வித்துரவா, இல்ல இறால் கம்பெனி ஏஜெண்ட்கிட்ட அட்வான்ஸ் வாங்கவா?

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி. படகை வித்தா அப்புறம் மாத்திரைக்கே காசு இருக்காது, ஏஜெண்ட் அட்வான்ஸ்னா பிடிச்சிட்டு வர்ற இறாலுக்கு அவர் சொல்றதுதான் ரேட்டு, அது உங்களுக்கே தெரியும்.

மொதல்ல டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க, பார்க்கின்சனுக்குக் குடுக்குற லெவோடோபா மாத்திரை போட்டா அப்பாவுக்கு கை கால் நல்லா அசையுதான்னு டெஸ்ட் பண்ணிட்டாங்களா? மாத்திரைக்கு கேக்குற நடுக்கம், இறுக்கம்தான் பெரும்பாலும் டிபிஎஸ்க்கும் கேக்கும், பேச்சுக் குழறல், மறதிக்கெல்லாம் இதை நம்பி பணம் போடாதீங்க. நோயும் போயிடாது, மாத்திரையும் கொஞ்சமாவது தொடரும்.

இதுல பலர் கோட்டை விடுறது பேட்டரி. மூளைக்குள்ள கம்பி, நெஞ்சுல தோலுக்கு அடியில மெஷின். சார்ஜ் பண்ண முடியாத மெஷின்னா மூணுலேருந்து அஞ்சு வருஷத்துல மாத்தணும், அது மறுபடி சின்ன ஆபரேஷன், மறுபடி லட்சக்கணக்குல செலவு. சார்ஜ் ஏத்துறது விலை கூட, ஆனா 15 வருஷம் கிட்ட ஓடும், வீட்ல யாராவது தவறாம சார்ஜ் போடணும், அவ்ளோதான். 12 லட்சம்னாங்களே, அது எந்த மெஷினுக்குன்னு எழுதி வாங்குங்க. மூளையில ஒரு சின்ன இடத்தை மட்டும் சூடு வச்சு சுட்டு விடுற ஆபரேஷனும் உண்டு, மெஷின் இல்லாததால செலவு கம்மி, ஆனா பொதுவா ஒரு பக்கம்தான் செய்வாங்க, சுட்டது சுட்டதுதான். ஒரு கை நடுக்கம்தான் பெரிய தொல்லைன்னா அதையும் கேட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ் இருக்கான்னு நீங்க எழுதவே இல்ல. 2019லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ, டிபிஎஸ்ஸை ஒதுக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு, ஆனா பாலிசியில பாதித் தொகைதான் தருவோம்னு லிமிட் இருக்கலாம், படிச்சுப் பாருங்க. இப்பத்தான் புதுசா எடுக்கப் போறீங்கன்னா ஏற்கனவே இருக்குற நோய்க்கு மூணு வருஷம் வரை காத்திருக்க வைப்பாங்க, நோயை மறைச்சு எடுத்தா கிளைம்ல மாட்டிக்குவீங்க.

மிச்சத்துக்கு நகையை பேங்க்ல வைங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், கூட இருந்து பாத்துக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும், டாக்டர் சம்மதிச்சா ஆபரேஷனை அப்ப வச்சுக்கலாம். ஆனா அப்ப வருமானம் கிடையாது, படகுக்கு பெயிண்ட், மராமத்து வேற இருக்கும். அந்த ரெண்டு மாச வீட்டுச் செலவையும், ஆபரேஷனுக்கு அப்புறம் மெஷினை செட் பண்ண மதுரைக்கு அடிக்கடி போய்வர்ற செலவையும் கடன் தொகையிலேயே சேத்துக்குங்க.