கோழி வெள்ளையாகக் கழிகிறது, கீழாநெல்லி போதுமா?

கேள்வி: வீட்டில் 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். இரண்டு நாளாக ஒரு பெட்டையும் இரண்டு விடலைகளும் இரை எடுக்காமல் தூங்கித் தூங்கி நிற்கின்றன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராய்ப் போகிறது. கீழாநெல்லியும் வெங்காயமும் அரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். இதுவரை தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மூன்றையும் மற்றவற்றிடமிருந்து தள்ளி, தனிப் பஞ்சாரத்தில் அடையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். மருந்து அரைப்பதெல்லாம் அப்புறம்.

கோழி எச்சத்தில் வெள்ளை இருப்பது இயல்புதான். கோழிக்கு மூத்திரம் தனியாகப் போகாது, எச்சத்தின் மேல் வெள்ளைப் பூச்சாக வரும். இரை எடுக்காத கோழிக்குப் பித்தநீர் மட்டும் இறங்குவதால் எச்சம் பச்சையாகும். அதனால் எச்சத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்து முறுக்கிக்கொள்கிறதா, கால், இறக்கை இழுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல்தான். இது வைரஸ் நோய். வந்தபின் வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. இங்கிலீஷ் மருந்திலும் இல்லை.

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். கழிச்சலுக்குக் கைகண்ட கூட்டு அது. 10 கோழிக்குக் கீழாநெல்லி 50 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், சின்ன வெங்காயம் 5, பூண்டு 5 பல். சீரகத்தையும் மிளகையும் முதலில் இடித்துக்கொண்டு, மற்றவற்றையும் சேர்த்து அரையுங்கள். இரை எடுக்கும் கோழிகளுக்குத் தவிட்டில் பிசைந்து வைக்கலாம். எடுக்காதவற்றுக்குச் சிறு சிறு உருண்டையாக்கி வாயில் வைத்து விழுங்க விடுங்கள். கரைத்து ஊற்ற மட்டும் வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கினால் நோயை முந்திக்கொண்டு நாமே கோழியைக் கொன்றுவிடுவோம். இப்படிப் போன கோழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாதாரண வயிற்றுக் கழிச்சலாக இருந்தால் இந்த மருந்தில் தேறிவிடலாம். ராணிக்கெட்டாக இருந்தால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்பதால் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும்.

செத்த கோழியைக் குப்பையிலோ ஓடையிலோ வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். சீக்குக் கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. நோய் ஊர் ஊராகப் போக அதுவும் ஒரு காரணம்.

கைமருத்துவம் நன்றாகக் கைகொடுக்கும் இடங்கள் வேறு. கோழிச் செல்லுக்கு (இறகில் ஒட்டும் பேனுக்கு), புரண்டு குளிக்க ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டி வையுங்கள். அடைக்கோழிக்குக் கீழே நொச்சி இலை போடுங்கள். (அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் இடிக்குப் பயந்து வைப்பது. அதனால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.) கொண்டையில் அம்மைக் கொப்புளம் வந்தால் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அம்மையைக் கொசு பரப்புவதால் கூட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

தடுப்பூசிக்கு வருவோம். இப்போது சீக்காக இருப்பவற்றுக்குப் போட்டுப் பயனில்லை. மற்றவற்றுக்கு எப்போது போடலாம் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இனிப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 4ஆம் வாரம் லசோட்டா எனும் ராணிக்கெட் தடுப்பு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. கடையில் வாங்கினால் ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள்; கலந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.