வாசகர் கேள்விகள்: கணினிமயமாக்கலும் பிரிவுகளின் பொறுப்புகளும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கொள்முதல், கிடங்கு, கணக்குப் பிரிவுகளை ஒரே மென்பொருளில் இணைத்து ஓராண்டு ஆகிறது. மூன்று முறை பயிற்சி அளித்தும், ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஓர் எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு அதையே நம்புகிறது. மீண்டும் பயிற்சி அளித்தால் சரியாகுமா?

பதில்: சரியாகாது என்றே கருதுகிறேன். எக்செல் கோப்பை நாள்தோறும் பிழையின்றிப் பராமரிக்கும் ஊழியருக்கு மென்பொருளைக் கையாளத் தெரியாமல் இருக்காது. அந்தத் தனிக் கோப்பு எதற்கு என்று அவருடன் அமர்ந்து பொறுமையாகக் கேளுங்கள். 'திரையில் தெரியும் இருப்பு தவறாக இருந்தால் என்னைத்தானே கேட்பார்கள்' என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இதுவரை தன்னைக் கேட்டே பிறர் தெரிந்துகொண்ட விவரம் இனி எல்லோருக்கும் நேரடியாகத் தெரிந்துவிடும் என்பது, வாய்விட்டுச் சொல்லப்படாத இன்னொரு காரணமாக இருக்கலாம். அவருடைய இந்தக் கவலைகளைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பொறுப்பும் அதிகாரமும் யாரிடம் என்பதை நிர்வாகம் தீர்மானிக்காமல் விட்டதால் எழுந்தவை அவை.

ஃபோர்டு கார் நிறுவனத்தின் அனுபவம் இங்கே பொருந்தும். 1980களில் அதன் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் வழங்கும் வேலையை மட்டும் 500க்கும் மேற்பட்டோர் செய்துவந்தனர். கணினியைப் புகுத்தி அவர்களில் 20 சதவீதத்தினரைக் குறைப்பதே முதல் திட்டம். ஜப்பானின் மாஸ்டா கார் நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் செய்வதைக் கண்ட பிறகுதான், வேலை நடக்கும் முறையையே அவர்கள் ஆராய்ந்தார்கள். கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான சீட்டு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதிலேயே கணக்குப் பிரிவின் நேரம் கரைந்துகொண்டிருந்தது. புதிய முறையில் பில்லே தேவையில்லை என்றாயிற்று. சரக்கு வந்திறங்கும் இடத்தில் இருக்கும் ஊழியர் ஆணையைத் திரையில் பார்த்துப் பொருந்தினால் ஏற்றுக்கொள்வார். பணம் வழங்கும் நடவடிக்கை அந்தப் பதிவிலிருந்தே தொடங்கிவிடும். இதனால் கணக்குப் பிரிவின் ஆள்பலம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பணத்தை விடுவிக்கும் முடிவு கணக்கு மேசையிலிருந்து சரக்கு இறங்கும் வாசலுக்கு மாறியதுதான் இதன் உயிர்நாடி. பழைய ஏற்பாட்டை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது.

எனவே அடுத்த பயிற்சி வகுப்புக்கு முன், ஒவ்வொரு விவரத்தையும் யார் பதிவார், யார் திருத்தலாம், தவறினால் யார் பதில் சொல்வார் என்பதை மூன்று பிரிவுத் தலைவர்களையும் ஒன்றாக அமரவைத்து எழுதி முடியுங்கள். குறிப்பாகப் பொருள் குறியீட்டை உருவாக்கும் உரிமை ஒரே இடத்தில் இருக்கட்டும்; ஒரே பொருளுக்கு இரண்டு பிரிவுகள் இரண்டு குறியீடுகள் கொடுத்தால் இருப்புக் கணக்கு ஒருநாளும் சரியாக வராது. பதிவு செய்யும் உழைப்பு கிடங்கிலும் அதன் பலன் கணக்குப் பிரிவிலும் மட்டுமே இருந்தால், கிடங்கு ஊழியர் மனமுவந்து பதியமாட்டார். அவர் கேட்கும் அறிக்கையையும் அதே மென்பொருள் தர வேண்டும்.

கேள்வி: புதிய மென்பொருளை ஒரே நாளில் எல்லாப் பிரிவுகளிலும் தொடங்கலாமா?

பதில்: கூடாது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று, வண்டிகளை அனுப்பும் பணியைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. அதே நாளில், மூன்று மண்டலங்களாக நடந்துவந்த பணி நகரம் முழுவதற்குமான ஒரே ஏற்பாடாக்கப்பட்டு, கட்டுப்பாட்டு அறையின் இருக்கைகள்கூட மாற்றியமைக்கப்பட்டன. தம் பகுதியை நன்கு அறிந்திருந்த ஊழியர்களின் அனுபவத்துக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. வண்டிகளின் இருப்பிடம் தவறாகப் பதிவாகி, அழைப்புகள் தேங்கின. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பவேண்டி வந்தது. முதல் இரண்டு நாள்களில் கணினி அமைப்பு தொழில்நுட்ப அளவில் செயலிழக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கூறியதை நிர்வாகிகள் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும். மென்பொருளையும் பணி அமைப்பையும் ஒரே நாளில் மாற்றினால், தவறு எதனால் நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். முதலில் புதிய பொறுப்புப் பங்கீட்டைப் பழைய பதிவேடுகளுடனேயே நடத்திப் பாருங்கள். பிறகு ஒரு பிரிவில் மட்டும் மென்பொருளைத் தொடங்குங்கள்.

கேள்வி: இத்தகைய திட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர் தலைமை ஏற்பதுதானே முறை?

பதில்: எந்த வேலை மாறப்போகிறதோ, அந்த வேலையின் தலைவரே ஏற்க வேண்டும். கிடங்கில் ஆள்களை இடம் மாற்றவோ, கொள்முதலில் ஒப்புதல் வரம்பை உயர்த்தவோ தொழில்நுட்பத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. பல பிரிவுகளைத் தொடும் திட்டமானால், அவற்றுக்கெல்லாம் மேலிருக்கும் நிர்வாகி ஒருவர் வாரம் ஒருமுறையேனும் நேரில் அமர்ந்து, பிரிவுகளுக்கிடையே எழும் தகராறுகளை அன்றன்றே தீர்த்துவைக்க வேண்டும்.