பழுதுபார்க்கும் பணி நடக்கும் இடைக்காலக் கோட்டைக்குள் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. பணியிடத்துக்குள் அழைத்துப் போகிறார்கள் என்றால் தயங்காதீர்கள். சாரத்தின் மேல் நின்றால், கீழிருந்து தெரியாத செங்கல் முகத்துக்கு எதிரே வந்துவிடுகிறது. ஈரக் களிமண்ணில் நடந்த நாயின் காலடி அப்படியே பதிந்த செங்கற்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது சாந்து. பழைய சுவருக்குச் சிமெண்ட் எமன். அது செங்கல்லைவிடக் கடினம். உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. குளிரில் அந்த நீர் உறைந்து விரிய, செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தைத் தன் வழியே விட்டுத் தானே தேயும். உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். உறைபனியில் அது இறுகாது என்பதால் ஐரோப்பாவில் பூச்சு வேலை பெரும்பாலும் கோடையில்தான்.

பொறுமையும் வேண்டும்: போலந்தின் மால்போர்க்கில் 1945 போரில் சிதைந்த கோட்டைத் தேவாலயம் 2016இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.