நெப்ராஸ்கா சாண்ட்ஹில்ஸ்: மணலும் தண்ணீரும் – கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள சாண்ட்ஹில்ஸின் படங்களில் புல்வெளிதானே தெரிகிறது, இதை ஏன் மணல்மேடு என்கிறார்கள்?

புல்லுக்கு அடியில் முழுக்க மணல்தான். சுமார் 50,000 சதுர கிலோமீட்டர், மாநிலத்தில் கால் பங்குக்கு மேல். சில மேடுகள் 100 மீட்டரைத் தாண்டும். புல்லின் வேர் பிடித்து வைத்திருப்பதால்தான் நகராமல் நிற்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீண்ட வறட்சியில் புல் அழிந்து, மணல் மறுபடி நகர்ந்திருக்கிறது.

கேள்வி: மழை குறைவு, ஆனால் வரைபடத்தில் இவ்வளவு ஏரியும் ஆறும். எங்கிருந்து தண்ணீர்?

நல்ல கேள்வி. பெய்கிற மழை ஓடுவதற்குள் மணல் குடித்துவிடும். அது கீழே ஓகல்லாலா என்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்தோடு சேர்கிறது. மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அந்த நீர்மட்டம் தரைக்கு மேல் வந்தால் ஏரி. சற்றுக் கீழே நின்றால் ஈரப் புல்வெளி. மாட்டுக்குக் காயவைத்துப் போடும் புல்லை அங்கேதான் அறுக்கிறார்கள். டிஸ்மல், மிடில் லூப் ஆறுகளுக்கும் பெரும்பாலும் ஊற்றுநீரே ஆதாரம். அதனால் கோடையிலும் வற்றுவதில்லை, வெள்ளமும் அபூர்வம். டிஸ்மல் ஆற்றோரம் ஓர் ஊற்றில் அடியிலிருந்து தண்ணீர் தள்ளும் வேகத்தில் மணல் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டே இருக்கும். தண்ணீர் என்னவோ குளிர்ச்சிதான்!

கேள்வி: முதன்முறை படகு ஓட்டப் போகிறேன். டிஸ்மல் சரிவருமா?

வேண்டாம். குறுகிய வளைவுகள், விழுந்த மரங்கள், குறுக்கே முள்வேலி. வாலண்டைன் ஊர்ப் பக்கம் நயோப்ரரா ஆற்றில் தொடங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் விவசாயம் இல்லை?

முயன்றார்கள். 1904ஆம் ஆண்டின் கின்கெய்ட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. உழுத இடத்தில் மணல் பறந்தது. பலர் விட்டுப் போனார்கள். இன்று மாடுதான் பிழைப்பு. மாடுகள் ஒரே தடத்தில் நடந்து புல் தேய்ந்தால்கூடப் போதும், காற்று அங்கே நுழைந்து குடைய ஆரம்பிக்கும். ஓரத்துப் புல்லின் வேர்கள் அந்தரத்தில் தொங்கும், அப்புறம் அதுவும் சரியும். இப்படிக் காற்று குடைந்த பள்ளங்களைப் பண்ணைக்காரர்கள் பழைய டயர்களைப் போட்டு அடைப்பார்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாக் குடைவையும் மூடிவிடலாமே?

அதில் எனக்குச் சம்மதமில்லை. புளோஅவுட் பென்ஸ்டெமன் என்ற ஊதாப்பூச் செடி அந்த வெறும் மணலில்தான் வளரும். புல் மூட மூட அது அருகிப்போய், 1987இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. வேலிக்கும் சாலைக்கும் ஆபத்தில்லாத சில குடைவுகளை அப்படியே விடலாம்.